குளத்தில் இறங்கிய கொண்டல்

சுப்புத்தாய் குளத்துக்கு வருவாள் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

காலையில் குட்டியானை வண்டியில் படகை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். காலில் செருப்பும் இருந்தது. புருஷனைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

"நானும் வாரேன்."

கோமதிநாயகம் இழுத்துப் பிடித்திருந்த கயிறு தளர்ந்துபோயிற்று. "நீயா? எதுக்கு?"

"எதுக்குன்னு சொன்னாத்தான் ஏத்துவியளோ?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. டிரைவர் பக்கத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தன் பைக்கை எடுத்தார்.

வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த படகு முனையில் சங்கரேஸ்வரி சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அவளை உரசுகிற மாதிரிக் கடந்துபோய் ஏறினாள். ஒரு வார்த்தை இல்லை. எட்டு மாதமாக வராத வார்த்தை இன்றைக்கு மட்டும் எப்படி வரும்?

தூத்துக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் கட்டில் பீரோவோடு ஒரு பாய்ப்படகையும் கொண்டுவந்திருக்கிறாள் என்று இந்தத் தெரு முதலில் சிரித்தது. தறி ஓடுகிற ஊரில் படகு எங்கே ஓடும்? ஆனால் சங்கரேஸ்வரி அதை விடவில்லை. நேரம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஊருக்குப் போய்க் கடலில் ஓட்டினாள். கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்த நாத்தனார் அனுவைப் பழக்கித் தன்னோடு ஏற்றிக்கொண்டாள். பின்னால் அமர்ந்து சுக்கானையும் பெரிய பாயையும் பார்ப்பது மதினி. முன்னால் அமர்ந்து சின்னப் பாயை இழுத்துப் பிடிப்பது அனு. இரண்டு பேரும் கோப்பையோடு வந்து இறங்கிய அன்று தெரு சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

போன வைகாசியில் வந்தது அந்தச் சூறைக்காற்று. பயிற்சிக்குப் போன படகைக் கவிழ்த்து, துறைமுகத்து அலை தடுக்கும் கற்சுவரில் கொண்டுபோய் அறைந்தது. 'கொண்டல்' என்று பெயர் எழுதிய வலதுபக்கம் முழுவதும் சிதறிப்போனது. அனுவின் இடது தோள் மூட்டு கழன்றது. ஒரு மீன்பிடி வள்ளம் வந்து இருவரையும் தூக்கிப் போட்டுக் கரை சேர்த்தது.

அன்றிலிருந்து மாமியார் மருமகளிடம் பேசுவதில்லை. "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

கோமதிநாயகம் வேறு மாதிரி. ராஜபாளையம் ரோட்டில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறவர்; தண்ணீர்த் தொட்டியும் குளியலறைக் கதவும் செய்கிறவர். கையில் கட்டோடு மகள் முடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல், உடைந்த படகைப் பட்டறைக்கு எடுத்துவரச் சொன்னார். முதலில் போட்ட ஒட்டு கனத்துப்போனது. "மாமா, இது தொட்டி மாதிரில்லா கனக்கு" என்றாள் மருமகள். முகம் கறுத்தாலும் அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ரெசின் வாடை அவர் சட்டையைவிட்டுப் போகவே இல்லை.

இப்போது படகு தயார். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் மாநிலப் போட்டி. முதல் இரண்டு படகுக்குத் தேசியப் போட்டியில் இடம். இன்று மத்தியானம் படகு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஒரு தடவையாவது தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துக் குளம்.

தை மாதத்துக் குளம் கரை தொட்டுக் கிடந்தது. வாடைக்காற்று நீரைச் சுருட்டிச் சுருட்டிக் கரைக்குத் தள்ளியது. வயலுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"அண்ணாச்சி, இதுல மீனு பிடிப்பியளோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல வே. காத்தப் பிடிப்போம்" என்றார் கோமதிநாயகம். அவர் கண் படகின் வலது விலாவிலேயே இருந்தது.

படகு மிதந்தது. சங்கரேஸ்வரி பாயை ஏற்றினாள். பாய்மரம் ஒரு முனகல் முனகியது. அவள் கீழே குனிந்து, மரம் ஊன்றிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. விரிசல் இல்லை.

"போலாமா மதினி?" என்றாள் அனு. அவள் கண் மினுங்கியது.

"போலாம்."

காற்று பாயில் நிறைந்தது. கொண்டல் ஒரு பக்கமாகச் சாய்ந்து குதித்து ஓடியது. எட்டு மாதம் பட்டறைத் தூசியில் கிடந்த படகு அது என்று யாரும் சொல்ல முடியாது. கரையில் கோமதிநாயகம் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை சங்கரேஸ்வரி பார்த்தாள். அவருக்குத் தள்ளி ஆலமரத்தடியில் சுப்புத்தாய் நின்றாள். அசையாமல் நின்றாள்.

குளத்தின் நடுவில் காற்று ஒரு உலுக்கு உலுக்கியது.

"வெளிய சாயி அனு!"

அனு படகுக்குள் கட்டியிருந்த பட்டையில் காலை மாட்டிக்கொண்டு உடம்பைப் படகுக்கு வெளியே சாய்த்தாள். இடது கையால் முன்பாய்க் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. கயிறு அவள் கையைவிட்டுப் போனது. முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அனுவின் இடது கை, தனக்குச் சொந்தமில்லாதது போலப் பக்கத்தில் தொங்கியது.

அவள் கத்தவில்லை. கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். முழங்காலை மடக்கி, வலது கையால் இடது மணிக்கட்டைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. பிறகு கயிற்றை எடுத்து வலது கையில் சுற்றிக்கொண்டாள்.

பழகிய கைதான் அப்படிச் செய்யும்.

சங்கரேஸ்வரி படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள். பாய் தொய்ந்தது.

"இது எத்தனாவது தடவ?"

"எது?"

"அனு."

அனு தண்ணீரைப் பார்த்தாள். "எண்ணல மதினி. கொடியில துணி எடுக்கையில ஒரு தடவ கழண்டுட்டு. பஸ்ஸுல கம்பியப் பிடிச்சப்ப ஒரு தடவ. நானே போட்டுக்கிடுதேன். வலியெல்லாம் கொஞ்ச நேரந்தான்."

"டாக்டர் ஆறிட்டுன்னாருன்னு சொன்னியே."

"நான் சொன்னேன். டாக்டர் சொல்லல."

குளத்தில் பெரிய அலை இல்லை. கரை கூப்பிடு தூரம். கடலில் இது நடந்தால்? கவிழ்ந்த படகுக்கு அடியில், ஒரு கையோடு, கயிறுகளுக்கு நடுவே?

"இந்தப் போட்டிக்கு நீ வரக்கூடாது."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் ஒண்ணுஞ் சொல்லாதீய. அதுக்கப்புறம் நானே அம்மாட்ட சொல்லுதேன்."

"கடல்ல கழண்டா நீ செத்துப்போவ, அனு."

"எனக்குப் பதிலா யாரக் கூட்டிட்டுப் போவிய? கடையநல்லூர் ஜஸீமா அக்காவையா? அவங்க உங்க முகத்துல முழிப்பாங்களா?"

ஜஸீமா சங்கரேஸ்வரியோடு கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தவள். கொண்டலில் முதன்முதலில் அவளோடு ஏறியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் இடத்தில் அனுவை உட்காரவைத்தது சங்கரேஸ்வரிதான். கோப்பையோடு இருவரும் நின்ற போட்டோவைப் பார்த்துத்தான் ஜஸீமாவுக்கு விஷயமே தெரியும்.

அனு இப்போது மதினியை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை.

"அன்னைக்கு எல்லாப் படகும் பாயை இறக்கிட்டுக் கரைக்குப் போச்சு. தெக்க இருட்டிட்டு, நாமளும் போலாம் மதினின்னு நான் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு சொன்னது நீங்க. இத நான் யார்ட்டயாவது சொல்லிருக்கேனா?"

காற்று பாயைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணங்கிட்டகூடச் சொல்லல. காத்து திடீர்னு வந்துட்டுன்னு நீங்க சொன்னிய. நானும் அதையே சொன்னேன். உங்களுக்காகத்தான் சொன்னேன். இப்ப எனக்காக நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

சங்கரேஸ்வரி படகைக் கரைக்குத் திருப்பினாள்.

கோமதிநாயகம் ஓடிவந்து படகின் விலாவைத் தட்டிப் பார்த்தார். "சொட்டுத் தண்ணி உள்ள வரல! பாத்தியா ஈஸ்வரி?"

"நல்லா இருக்கு மாமா. பழசவிட நல்லா இருக்கு." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆலமரத்தடியிலிருந்து சுப்புத்தாய் இறங்கி வந்தாள். தண்ணீர்ப் பாட்டிலை அனுவிடம் நீட்டினாள், இடது கைப் பக்கமாக. அனு உடம்பைத் திருப்பி வலது கையால் வாங்கிக்கொண்டாள்.

சுப்புத்தாய் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

வீடு வந்தபோது சங்கரேஸ்வரியின் கணவன் மாரிச்செல்வம் தறிக்கூடத்திலிருந்து வந்து காத்திருந்தான். சட்டையெல்லாம் பஞ்சு. மனைவி முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் மாறியது.

"என்ன, தண்ணி ஏறிட்டா?"

"இல்ல. படகு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லைங்க. வெயிலு."

அவன் சிரித்தான். அவளை நம்பிச் சிரிக்கிற சிரிப்பு. நான்கு வருஷமாக இந்த வீட்டில் அவளுக்குத் துணை நின்ற சிரிப்பு. மருமகளைப் படகோட்டவிட்ட வீடு என்று உறவுக்காரர்கள் பேசியபோதெல்லாம் அவன்தான் முன்னால் நின்று பதில் சொன்னவன். அவனிடம் அவள் மறைத்தது ஒன்றே ஒன்று. அது போதாதா?

மத்தியானச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. அனு எதிரே உட்கார்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். தேசியப் போட்டி சென்னையிலா, கோவாவிலா என்று கோமதிநாயகம் கேட்டார். எங்கே நடந்தாலும் தான் வரப்போவதாகச் சொன்னார். இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

சொன்னால் இந்தச் சந்தோஷம் போகும். அனு தன் வாயைத் திறப்பாள், மாரிச்செல்வத்தின் நம்பிக்கையும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

சாமான்கள் ஏறின. பாய் சுருட்டி ஏறியது, சுக்கான் ஏறியது, அனுவின் பை ஏறியது. டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, "கெளம்பலாமா?" என்றார்.

அனு வண்டிப் படியில் கால் வைத்தாள்.

"அனு வரல" என்றாள் சங்கரேஸ்வரி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மாமனாரைப் பார்த்துச் சொன்னாள். வேறு யாரைப் பார்த்தாலும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமா, அவ தோள் சரியாகல. காலையில குளத்துலயே கழண்டுட்டு. அவளாப் போட்டுக்கிட்டா. இதுக்கு முன்னாலயும் கழண்டிருக்கு. இப்படியே கடல்ல ஏறுனா என்னால அவளத் திரும்பக் கொண்டுவர முடியாது."

கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். "ஏட்டி, நெசமா?"

அனு வாயைத் திறப்பதற்குள் சுப்புத்தாய் பேசினாள்.

"நெசந்தான். எனக்குக் கார்த்திகையில இருந்தே தெரியும். தலை பின்னையில ஒரு கைதான் மேல வருது. தூக்கத்துல பொரண்டு படுத்தா முனகுதா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல நீ?" என்றார் கோமதிநாயகம்.

"நான் தடுத்தா எனக்குத் தெரியாமப் போயி ஏறுவா. ஒங்க மக பிடிவாதம் தெரியாதாக்கும். கூட உக்காந்து ஓட்டுதவ சொல்லணும். சொல்லுதாளா, இல்ல கோப்பைதான் பெருசுன்னு கூட்டிட்டுப் போறாளா, அதப் பாக்கத்தான் குளத்துக்கு வந்தேன். வண்டி கெளம்புத வரைக்கும் பொறுத்தேன். அவ சொல்லலன்னா நான் சக்கரத்துக்கு முன்னால படுத்திருப்பேன்."

அனு படியிலிருந்து காலை எடுத்தாள். "சொல்லிட்டியள்ல மதினி. அப்ப நானும் சொல்லுதேன்."

சங்கரேஸ்வரி தலையசைத்தாள். தடுக்கவில்லை.

அனு சொன்னாள். தெற்கே இருட்டியதை, மற்றப் படகுகள் திரும்பியதை, போகலாம் என்று தான் கேட்டதை, இன்னும் ஒரே ஒரு சுற்று என்ற பதிலை. சொல்ல ஆரம்பித்தபோது கோபமாகச் சொன்னாள், முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவ சொல்லுதது உண்மையா?" என்று ஒரு குரல் கேட்டது. சுப்புத்தாயின் குரல். எட்டு மாதத்துக்குப் பிறகு, சுவரைப் பார்க்காமல், நேராக மருமகளைப் பார்த்து.

"உண்மைதான் அத்தை."

கோமதிநாயகம் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கை தார்ப்பாய்க்கு அடியில் படகின் விலாவைத் தடவியபடி இருந்தது.

சுப்புத்தாய் மகளிடம் போனாள். அவள் இடது கையை, கண்ணாடிப் பாத்திரத்தை ஏந்துவது போலத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். "நாளைக்கு திருநெல்வேலிக்குப் போயி எலும்பு டாக்டரப் பாக்கோம். அழாத." பிறகு, திரும்பாமலே மருமகளிடம் பேசினாள்.

"அன்னைக்கு மறச்சவளும் நீதான். இன்னைக்கு மறைக்காதவளும் நீதான். இதுல எத எடுக்க, எத விடன்னு எனக்கு இப்பத் தெரியல. நீ கெளம்பு. போயிட்டு வந்த பெறகு பேசிக்கிடுவோம்."

"அம்மா, படகுல ரெண்டு பேரு வேணும்" என்றாள் அனு விசும்பலுக்கு நடுவே.

"அது அவ பாடு. அப்பா ஒடம்பத் தேச்சுச் செஞ்ச படகு. பட்டறையில கெடந்து காய வேண்டாம்."

சங்கரேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவனும் கூட வருவதாகத்தான் ஏற்பாடு. அவன் பை வண்டியில் இருந்தது.

"ஏங்க."

மாரிச்செல்வம் கயிற்று முடிச்சை அவிழ்த்துத் தன் பையை எடுத்தான். நிதானமாக எடுத்தான். மறுபடி முடிச்சைப் போட்டு, இறுகியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தான்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சு நான் உங்கிட்டக் கேட்டேன் ஈஸ்வரி. யார் மேலயும் தப்பு இல்லல்லான்னு. நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேங்க."

"எங்கம்மா பேசாம இருந்த அத்தன நாளும் நான் உனக்காக அவளோட சண்ட போட்டேன்." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "பாத்துப் போ."

தறிக்கூடத்துக் கதவு சாத்திக்கொண்டது.

வண்டி கழுகுமலை ரோட்டில் ஏறியது. டிரைவர் ரேடியோவைப் போடப் போனவர், பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பின்னால் கொண்டல் பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கியது.

அவள் போனை எடுத்தாள். ஜஸீமாவின் எண்ணை அவள் அழிக்கவில்லை. ஆனால் அழைத்தும் பல காலம் ஆயிற்று. மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுக்கப்பட்டது.

"யாரு?"

தன் எண்ணை அவள் அழித்துவிட்டாள் என்று சங்கரேஸ்வரிக்குப் புரிந்தது.

"ஜஸீமா, நான் ஈஸ்வரி."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தட்டுகிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம்.

"சொல்லு."

சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். சூறைக்காற்று நாளில் தான் செய்ததையும் சேர்த்துச் சொன்னாள். மூடி வைத்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை. கடைசியில், "உங்கிட்டச் சொல்லாம உன் எடத்துல வேற ஆள உக்கார வச்சதுக்கு, போட்டி வந்து நிக்கிதப்பதான் பேசுதேன். அசிங்கமாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்கேன். வருவியா?"

"நான் படகுல ஏறி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எங்க வீட்டுல ஆயிரம் பதில் சொல்லணும். இவரு துபாய்ல இருந்து போன் போட்டுக் கேப்பாரு."

"தெரியும்."

லைன் போய்விட்டதோ என்று சங்கரேஸ்வரி திரையைப் பார்த்தாள்.

"வாரேன்" என்றாள் ஜஸீமா. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தூத்துக்குடி வந்துருவேன், இன்ஷா அல்லாஹ். ஆனா ஒண்ணு. சுக்கான் எங் கையில இருக்கணும். நீ முன்னால உக்காந்து நான் சொல்லுதபடி கயித்த இழுக்கணும். நான் திரும்பலாம்னு சொன்னா, அப்பவே திரும்பணும். முந்துனாலும் சரி, கோப்ப கண்ணுக்கு முன்னால நின்னாலும் சரி. சம்மதமா?"

வாங்கிய நாளிலிருந்து கொண்டலின் சுக்கானை சங்கரேஸ்வரி வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

"சம்மதம்" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு ஈஸு. தண்ணிக்குள்ள போன பெறகு உங் கை அதத் தேடும்."

சங்கரேஸ்வரி தன் வலது கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த அந்தக் கை இப்போதே விரல்களை இறுக மூடிக்கொண்டிருந்தது.